உள்ளீடு: வெளி

மூடிப்போன வானொலி நிலையத்தின் சாமான் ஏலத்தில்
இந்த மைக்கை எடுத்தேன்.
வலைத்தலையில் ஒரு நெளிவு. முகர்ந்தால்
யாரோ வருஷக்கணக்காய் வானிலை வாசித்த சிகரெட் வாடை.
விலை, மூன்று நாள் நண்டு உடைத்த கூலி.

ரெக்கார்டர் முன்பே இருந்தது.
சோப்புக்கட்டி அளவு. நெற்றியில்
நத்தைக் கொம்புபோல் இரண்டு சின்ன மைக்குகள்.
என்ன பாடினாலும் அவற்றில் காற்றுதான் விழும்.
புந்தா அரேனாஸில் காற்றைப் பிடிக்கக்
கருவி எதற்கு? ஜன்னலைத் திறந்தால் போதாதா?

மைத்துனன் ஒஸ்வால்தோ போனில் சொன்னான்:
மூன்று முள் பிளக்கை அடியிலுள்ள துளையில் அழுத்து,
'டக்' என்று கேட்கும்வரை.
பிறகு நாற்பத்தெட்டு வோல்ட்டைத் தட்டிவிடு,
இல்லாவிட்டால் அந்த மைக் செத்த மீன்.
பேய் மின்சாரம் என்று பெயராம் அதற்கு.
குரல் இறங்கிவரும் அதே ஒயரில்
சத்தமில்லாமல் மேலே ஏறிப்போகுமாம்.
பாட்டரியைத் தின்றுவிடும், சீக்கிரம் பாடு, என்றான்.

துணி அலமாரிக்குள் உட்கார்ந்தேன்.
கம்பளிக் கோட்டுகள், பாச்சை உருண்டை,
முழங்காலுக்கு நடுவே மைக்.
ஒயர் கதவிடுக்கு வழியாக வெளியே போய்
கட்டில்மேல் கிடந்த ரெக்கார்டரில் முடிந்தது.
ஹெட்போன் எட்டவில்லை. எட்டாவிட்டால் என்ன.
கன்வேயர் பட்டையைத் திட்டி நான் கட்டிய பாட்டு,
பத்துப் பத்து வரியாக ஏழு கண்ணி.
இருட்டுக்குப் பாடினேன்,
இருட்டு நன்றாகக் கேட்டது.

மறுநாள் விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸில்
ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.
என் குரல் இல்லை.
இருந்தது, எங்கோ, மரப்பலகைக்கு அப்பால்
பக்கத்து வீட்டுக்காரி பாடுவதுபோல.
முன்னால், காதுக்குள்ளேயே,
பூட்ஸ் கழற்றும் சத்தம்.
கட்டில் கம்பி முனகியது. பூனை.
அப்புறம் பெலார்மினோ
மூன்றாம் கண்ணியைத் தப்பாக முணுமுணுத்தான்.
நிறுத்தினான். பூனையிடம் சொன்னான்:
"ஒண்ணாந் தேதியிலிருந்து வேலை கிடையாதாம், செனிசா.
இன்னிக்கு அவகிட்ட வேண்டாம்.
பாடட்டும்."

பஸ் நிற்கும்வரை
அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

தப்பு மெனுவில் இருந்தது, மூன்றாம் பக்கத்தில்.
உள்ளீடு: உள் என்று கிடந்ததை
நான் பார்க்கவேயில்லை.
பிளக்கைச் சொருகிவிட்டால் மட்டும் போதாது,
எதைக் கேட்கவேண்டும் என்று அதற்குச் சொல்லவும் வேண்டும்.
விலை உயர்ந்த மைக்கை நான் கட்டிக்கொண்டிருக்க
அது தன் சொந்தக் கொம்புகளால்
அறையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நான்கு நாள் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் சொல்லவில்லை.
வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து,
எதிர்காலம் என்று பெயர் வைத்த
அக்கரை ஊருக்குப் படகு ஓட்டிவிட்டு வந்தான்.
சூப்பில் உப்பு அதிகம் என்றான்.
அதிகம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மெனுவை மாற்றினேன்.
உள்ளீடு: வெளி.
கட்டிலில் ரெக்கார்டரோடு நான்,
மைக்கைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குள் அவன்.
அளவு வைக்கவேண்டும், ஏதாவது பேசு, என்றேன்.
என்ன பேச?
எல்லோரும் பேசுவதுதான், எண்ணு.

ஒன்று, என்றான். பச்சைக் கோடு துள்ளி விழுந்தது.
இரண்டு.
மூன்று.
நான்கு என்று வரவில்லை.
கோட்டு ஒன்று ஹாங்கரில் உரசியது.
அவன் மூச்சு, அந்தப் பழைய சிகரெட் வலை வழியாக,
என் இரண்டு காதிலும்.

பிறகு சொன்னான். எல்லாவற்றையும்,
தேதி, நஷ்டஈட்டுத் தொகை, மேனேஜரின் கைகுலுக்கல் உட்பட.
அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கோடு பாதிகூட ஏறவில்லை,
சிவப்புக்கு வெகு கீழே நடுங்கியது.

"கேக்கலை," என்றேன்.
"இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து சொல்லு."